விலையை நிர்ணயிப்பது யார்? மதீனாவின் சந்தையிலிருந்து கெய்ரோவின் களஞ்சியம் வரை

இஸ்லாமியப் பொருளாதாரம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நம்மிடையே இரு அணிகள் உருவாகிவிடுகின்றன. ஓர் அணியினர், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விலை நிர்ணயம் செய்ய மறுத்த ஹதீஸை எடுத்துக்காட்டி, இஸ்லாம் தடையற்ற சந்தையின் பக்கமே நிற்கிறது என்பர். மற்ற அணியினர், பதுக்கலுக்கும் வட்டிக்கும் உள்ள தடையையும் ஸகாத்தையும் பைத்துல்மாலையும் எடுத்துக்காட்டி, அரசின் கரம் சந்தைக்குள் நீண்டிருக்க வேண்டும் என்பதே மார்க்கத்தின் நிலைப்பாடு என்பர். சென்ற நூற்றாண்டில் இந்த வாதம் நூல் வடிவமே பெற்றுவிட்டது. 1959இல் சிரியாவின் முஸ்தஃபா அஸ்ஸிபாஈ தமது நூலுக்கு 'இஸ்லாத்தின் சோஷலிசம்' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். ஈராக்கின் பாகிர் அஸ்ஸத்ர் 1961இல் எழுதிய 'நமது பொருளாதாரம்' முதலாளித்துவம், கம்யூனிசம் ஆகிய இரண்டையுமே மறுத்தது.

இச்சொற்கள் யாவும் புதியவை. வாதம் மட்டும் மிகப் பழையது. ரொட்டியையும் உலர்திராட்சையையும் செப்புக் காசையும் மிளகையும் நடுவே வைத்துக்கொண்டு நம் முன்னோர் இதே கேள்வியை ஆயிரம் ஆண்டுகளாக விவாதித்துள்ளனர். பஞ்சகாலத்தில் யாருக்கு ரொட்டி கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பதே அங்குக் கேள்வியாக இருந்தது. ஆகவே முழக்கங்களை ஒதுக்கிவிட்டு, நடந்தவற்றைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

ஹிஜ்ரத்திற்குப் பின் மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் ஏற்படுத்திய முக்கிய நிலையங்களுள் பள்ளிவாசலை அடுத்துச் சந்தையைச் சொல்லலாம். அந்நகரில் ஏற்கெனவே சந்தைகள் இருந்தன. பனூ கைனுகாவின் சந்தை பெயர்பெற்றது. முஸ்லிம்களுக்கெனத் திறந்த வெளியொன்றைச் சந்தையாக அமைத்து, அங்கே வரி வாங்கப்படலாகாது என்று அவர்கள் அறிவித்ததாக அறிவிப்புகள் உள்ளன. நிலையான கடைகளோ, இடத்திற்கு வாடகையோ அங்கில்லை. பள்ளிவாசலில் முதலில் வந்தவர் எழுந்து செல்லும்வரை அந்த இடம் அவருக்கே உரியதாக இருப்பதுபோல், சந்தையிலும் முதலில் வந்தவருக்கு அன்றைய இடம் உரியது என்பதே உமர் (ரலி) அவர்களின் காலத்து நடைமுறை. பின்னாளில் உமையா கலீஃபா ஹிஷாம் அந்த வெளியில் கட்டடம் எழுப்பி வாடகை வாங்கத் தொடங்கினார் என்றும், அவர் மறைந்த செய்தி எட்டியதும் மதீனாவாசிகள் அதை இடித்துத் தள்ளினர் என்றும் மதீனாவின் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். வரியும் வாடகையும் இல்லாத சந்தை தங்கள் நபியின் கொடை என்று அம்மக்கள் கருதியிருந்தனர் போலும்.

விலை பற்றிய புகழ்பெற்ற ஹதீஸ் இந்தச் சந்தையைச் சார்ந்ததே. அனஸ் (ரலி) அறிவிக்கும் அச்செய்தி அபூதாவூத், திர்மிதீ, இப்னுமாஜா ஆகிய தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளது. விலைவாசி ஏறியபோது மக்கள் வந்து விலையை நிர்ணயிக்குமாறு வேண்டினர். விலையை ஏற்றுபவனும் இறக்குபவனும் அல்லாஹ்வே என்றும், உயிரிலோ பொருளிலோ தாம் அநீதி இழைத்ததாக எவரும் முறையிடாத நிலையில் தம் இறைவனைச் சந்திக்கவே விரும்புவதாகவும் நபியவர்கள் பதிலளித்தார்கள். இங்கே நாம் ஊன்றிப் பார்க்க வேண்டிய சொல் 'அநீதி' என்பதாகும். கட்டாய விலை என்பது வாங்குபவருக்கு உதவியாகத் தோன்றினும், விற்பவரின் பொருளில் கைவைப்பதாகவும் அது ஆகிவிடக்கூடும் என்ற அச்சம் அந்தப் பதிலில் உள்ளது.

ஆனால் விலையைத் தொட மறுத்த அதே நபியவர்கள் சந்தையை அதன் போக்கில் விட்டுவிடவில்லை. தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரம் இருப்பதைக் கண்டு, அதை மக்கள் காணும்படி மேலே வைக்காதது ஏன் என்று வணிகரைக் கண்டித்தார்கள். ஊருக்குள் வரும் வணிகக் கூட்டத்தை வழியிலேயே மறித்து, சந்தை நிலவரம் அறியாத அவர்களிடம் மலிவாக வாங்குவதைத் தடுத்தார்கள். வாங்கும் எண்ணமில்லாமல் விலையை ஏற்றிக் கேட்பதையும், உணவுப் பொருளைக் கைப்பற்றுமுன்பே மறுவிற்பனை செய்வதையும் விலக்கினார்கள். பதுக்குபவன் பாவி என்றார்கள். இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், விலை எண்ணை விட்டுவிட்டு, அந்த எண் உருவாகும் வழியைக் காவல் காத்தார்கள் என்பது புலனாகும். ஓர் அணியினர் அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்போடு நின்றுவிடுவதும், மற்ற அணியினர் பதுக்கல் ஹதீஸோடு நின்றுவிடுவதும் ஏன் என்று நமக்கு விளங்குவதில்லை. இரண்டும் பெரும்பாலும் ஒரே பாடத்தில் அடுத்தடுத்த பக்கங்களில் இருப்பவையே.

உமர் (ரலி) அவர்களின் காலத்தில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி அதிகம் பேசப்படுவதில்லை. ஹாதிப் இப்னு அபீ பல்தஆ (ரலி) சந்தையில் உலர்திராட்சை விற்றுக்கொண்டிருந்தார். அவ்வழியே வந்த கலீஃபா, ஒன்று விலையை ஏற்று, இல்லையேல் நம் சந்தையை விட்டு எடுத்துச் செல் என்றார்கள். இமாம் மாலிக் (ரஹ்) தமது முவத்தாவில் இதைப் பதிவு செய்துள்ளார்கள். விலையைக் குறைக்கச் சொல்லவில்லை, கூட்டச் சொன்னார்கள் என்பதே வியப்பு! இமாம் ஷாஃபிஈ (ரஹ்) வழியாக வரும் விரிவான அறிவிப்பில் காரணம் தெரிகிறது. தாயிஃபிலிருந்து திராட்சை ஏற்றிய வணிகக் கூட்டம் வந்துகொண்டிருந்தது. இந்த மலிவு விலையைப் பார்த்தே அவர்களிடமும் மக்கள் பேரம் பேசுவார்கள் என்று கலீஃபா கருதினார்கள். ஆனால் அந்த அறிவிப்பு அத்துடன் முடியவில்லை. பின்னர்த் தம்மையே கணக்குக் கேட்டுக்கொண்ட உமர் (ரலி), ஹாதிபின் இல்லத்திற்கே சென்று, தாம் சொன்னது ஆணையும் அன்று, தீர்ப்பும் அன்று, ஊராரின் நலன் நாடிய ஒரு கருத்தே என்றும், எங்கு எப்படி விரும்பினாலும் விற்றுக்கொள்ளலாம் என்றும் கூறித் திரும்பினார்கள். ஒரு பேரரசின் தலைவர் திராட்சைக் கூடைக்காக வீடுதேடிச் சென்று தம் சொல்லைத் திரும்பப் பெற்றிருக்கிறார்.

அதே உமர் (ரலி) ஹிஜ்ரி 18இல் வந்த பஞ்சத்தின்போது, 'சாம்பல் ஆண்டு' என்று பெயர்பெற்ற அந்தக் கொடிய காலத்தில், சும்மா இருக்கவில்லை. எகிப்தின் ஆளுநர் அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களுக்குக் கடிதம் எழுதித் தானியம் வரவழைத்தார்கள். நைல் நதியைச் செங்கடலுடன் இணைத்த பழைய கால்வாய் மீண்டும் தோண்டப்பட்டு, மதீனாவின் துறைமுகத்திற்குக் கப்பலில் கோதுமை வந்தது. ஸகாத் வசூலை ஒத்திவைத்தார்கள். பசியால் திருடியவனுக்குக் கைவெட்டும் தண்டனையை நிறுத்தினார்கள். மக்கள் நெய் உண்ணும் நாள் வரும்வரை தாமும் நெய்யைத் தொடவில்லை. இது தலையீடுதான், சந்தேகமில்லை. ஆனால் விற்பவரின் விலையை வெட்டி அன்று, சரக்கைக் கொண்டுவந்து கொட்டிச் செய்த தலையீடு.

பிற்காலத்து ஃபிக்ஹ் அறிஞர்கள் இவற்றிலிருந்து பலவாறு சட்டம் வகுத்தனர். ஷாஃபிஈ, ஹன்பலி மத்ஹபுகளின் பெரும்பான்மைக் கருத்து விலை நிர்ணயம் கூடாது என்பது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நம் முன்னோர் பின்பற்றிவந்தது ஷாஃபிஈ மத்ஹபே. வணிகர்கள் வரம்பு மீறி விலையேற்றி, வேறு வழியே இல்லாதபோது, துறையறிந்தோரைக் கலந்து காழி விலை வகுக்கலாம் என்பர் ஹனஃபிகள். மாலிகி அறிஞர் இப்னு ஹபீப் கூறிய முறை நம்மை ஈர்க்கிறது. சந்தையின் முக்கியஸ்தர்களைக் கூட்டி, வேறு சிலரையும் சாட்சியாக வைத்துக்கொண்டு, எவ்வளவுக்கு வாங்குகிறீர்கள், எவ்வளவுக்கு விற்கிறீர்கள் என்று கேட்டு, இருதரப்பும் பொருந்தும் விலைக்கு இணங்கச் செய்ய வேண்டும். வற்புறுத்தலாகாது என்பது அவர் கூற்று. காரணத்தையும் அவர் சொல்கிறார்: வணிகர் மனமொப்பாத விலையைத் திணித்தால் சரக்கு மறைந்துவிடும்.

இமாம் இப்னு தைமிய்யா (இறப்பு 1328) தமது ஹிஸ்பா நூலில் இவ்வாதத்தைக் கூர்மையாக்கினார். சரக்கு குறைந்ததாலோ மக்கள் பெருகியதாலோ விலை ஏறினால், குறித்த விலைக்கு விற்குமாறு வற்புறுத்துவது அநீதி. மக்களுக்குத் தேவையிருந்தும் வைத்திருப்பவர் விற்க மறுத்தாலோ, ஒரு சிலரைத் தவிர வேறெவரும் விற்கக்கூடாது என்ற ஏகபோகம் இருந்தாலோ, ஈடான விலைக்கு விற்கக் கட்டாயப்படுத்துவது நீதி. அனஸ் (ரலி) அவர்களின் ஹதீஸ் முதல் நிலையைச் சார்ந்தது என்பது அவர் விளக்கம்; மதீனாவுக்கு உணவு பெரும்பாலும் வெளியூரிலிருந்து வந்தது, அங்கே பதுக்கிய கூட்டம் எதுவுமில்லை. இருவருக்குப் பொதுவான அடிமையின் தன் பங்கை ஒருவர் விடுதலை செய்தால், மற்றவர் பங்கை நியாயமான மதிப்பீட்டின்படி ஈடுசெய்ய வேண்டும் என்று நபியவர்களே விதித்ததை அவர் ஆதாரமாக முன்வைக்கிறார். உடைமையாளர் கேட்கும் விலை அங்கே செல்லவில்லை அல்லவா?

நூலில் இவ்வாறு. சந்தையில் நின்றவர் முஹ்தஸிப் என்ற அலுவலர். 12ஆம் நூற்றாண்டில் அஷ்ஷைஸரீ எழுதிய கையேடு, வணிகர்மீது விலையைத் திணிக்க முஹ்தஸிபுக்கு உரிமையில்லை என்கிறது. ஆனால் மலிவுகாலத்தில் உணவை வாங்கித் தட்டுப்பாட்டுக்காகக் காத்திருப்பவரை விற்கச் செய்யும் அதிகாரத்தை அளிக்கிறது. மற்றபடி அந்நூல் முழுவதும் எடைக்கற்களும் கலப்படமும் துப்புரவுமே. மாவு பிசைபவர் வாயை மூடியிருக்க வேண்டும், வியர்வை சொட்டாதிருக்க நெற்றியில் துணி கட்ட வேண்டும், ஈ ஓட்ட ஓர் ஆள் வேண்டும் என்பன போன்ற விதிகளைப் படிக்கையில், நம் ஊர் உணவகங்கள் சிலவற்றை நினைத்துக்கொள்கிறோம்.

இனி கெய்ரோவுக்கு வருவோம். ஃபாத்திமிய கலீஃபா முஸ்தன்ஸிரின் ஆட்சியில், 11ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அல்யாஸூரீ என்பவர் காழியாகவும் அமைச்சராகவும் இருந்தார். அவர் காலத்தில் நடந்ததாக வரலாற்றாசிரியர் மக்ரீஸீ கூறும் நிகழ்ச்சி இது. ரொட்டிக்காரர்களுக்கு அரீஃப் என்னும் தலைவர் ஒருவர் உண்டு. அவருடைய கடைக்கு எதிரே ஓர் ஏழை ரொட்டிக்காரர், தம் ரொட்டி விற்காமல் ஆறிப்போய்விடுமோ என்று அஞ்சி, அதே எடையைச் சற்றுக் குறைத்து ஒரு திர்ஹத்திற்குக் கூவினார். மக்கள் அவரிடம் திரண்டனர். தலைவரின் ரொட்டி தேங்கியது. சினமுற்ற தலைவர், ஹிஸ்பா ஊழியர்களைக் கொண்டு ஏழைக்கு அபராதம் விதிக்கச் செய்தார். பள்ளிவாசலுக்குச் செல்லும் வழியில் அமைச்சரிடம் ஏழை முறையிட்டார். அமைச்சர் தலைவரைப் பதவிநீக்கி, ஏழைக்குப் பொற்காசுகள் வழங்கினார். மகிழ்ச்சியில் அவர் விலையை மேலும் குறைக்க, மற்றவர்களும் வேறுவழியின்றிக் குறைக்க, நகரில் ரொட்டி விலை இறங்கிக்கொண்டே சென்றது.

இதுவரை தடையற்ற சந்தை அணியினருக்கு இதைவிடச் சிறந்த கதை கிடைக்காது. ஆனால் யாஸூரீ இதிலிருந்து மேலும் ஒரு முடிவுக்கு வந்தார். அரசு ஆண்டுதோறும் 100,000 தீனாருக்குத் தானியம் வாங்கிக் களஞ்சியத்தில் வைத்து வணிகம் செய்துவந்தது. விலை இறங்கினால் அது விற்காது, கிடந்து உளுத்துப்போகும். ஆகவே தானியத்தை விட்டுவிட்டு, மரம், சோப்பு, இரும்பு, ஈயம், தேன் போன்ற கெடாத பொருள்களில் அரசு முதலீடு செய்யட்டும் என்றார். கலீஃபா இசைந்தார். கணக்கில் குறை காண முடியாத யோசனை. சில ஆண்டுகளில் நைல் நதி போதிய அளவு பெருகவில்லை. அரண்மனைத் தேவைக்கு மேல் களஞ்சியத்தில் தானியமே இல்லை. மரத்தையும் ஈயத்தையும் மக்களுக்கு உண்ணக் கொடுக்கவா முடியும்? பைஸாந்தியப் பேரரசர் ஒன்பதாம் கான்ஸ்டன்டைன் 400,000 அர்தப் தானியம் அனுப்ப உடன்பட்டிருந்தார். 1055இல் அவர் இறந்ததும், பின்வந்த அரசி தியோடோரா இராணுவ உடன்படிக்கையை நிபந்தனையாக்கியதால் அதுவும் நின்றுபோயிற்று.

அப்போது யாஸூரீ செய்தது அவருடைய திறமையைக் காட்டுகிறது. வரி கட்டப் பணமின்றித் தவித்த விவசாயிகளிடம் வணிகர்கள் விளைச்சலை முன்கூட்டியே மலிவாக வாங்கி வைப்பது வழக்கம். அந்த ஒப்பந்தங்களை அரசு எடுத்துக்கொண்டது. ஆனால் பறிமுதல் செய்யவில்லை. வணிகர் கொடுத்த முதலுடன் சிறிது இலாபமும் சேர்த்துக் கொடுத்தது. தானியத்தை நகருக்குக் கொணர்ந்து, அடுத்த அறுவடைவரை அளந்து அளந்து வழங்கினார். ரொட்டிக்காரர் விஷயத்தில் அவர் செய்தது சரி, களஞ்சியத்தில் செய்தது தவறு, பின்பு செய்த பரிகாரம் மீண்டும் சரி என்பதே நம் மதிப்பீடு. ஒரே மனிதர், ஒரே நகரம், ஒரே பண்டம்!

அவர் 1058இல் கொல்லப்பட்டார். அதன்பின் 1065 முதல் ஏழாண்டுகள் எகிப்தை உலுக்கிய பெரும்பஞ்சத்தில், படைப்பிரிவுகளின் சண்டையும் சேர்ந்துகொண்டு, விலை நிர்ணயிக்கவோ களஞ்சியம் திறக்கவோ அரசே இல்லாத நிலை வந்தது. அந்நாளில் ஆளுநர் ஒருவர் கையாண்டதாக மக்ரீஸீ எழுதும் உத்தி நடுங்கவைப்பது. மரணதண்டனைக் கைதிகளுக்கு வணிகர் உடை அணிவித்து, உண்மையான தானிய வணிகர்களின் கண்முன் பதுக்கல் குற்றம்சாட்டித் தலையை வெட்டினார். வணிகர்கள் கிடங்குகளைத் திறந்தனர். இதைப் புகழ்ந்து மேற்கோள் காட்டுவோர் உண்டு; நமக்கு அதில் உடன்பாடில்லை. அவ்வாறு அச்சுறுத்தப்பட்ட நகரத்திற்கு அடுத்த ஆண்டு தானியம் கொண்டுவர எந்த வணிகர் துணிவார்?

இவற்றையெல்லாம் எழுதிவைத்த தகியுத்தீன் அல்மக்ரீஸீ (1364–1442) தாமே கெய்ரோவின் முஹ்தஸிபாக இருந்தவர். 1399இல் சுல்தான் பர்கூக் அவரை முதன்முறையாக அப்பதவியில் அமர்த்தினார். 1403 முதல் நைல் பொய்த்து, பஞ்சமும் கொள்ளைநோயும் எகிப்தை வாட்டின. 1405இல், தாம் ஓர் இரவில் தொகுத்ததாகக் கூறும் சிறுநூலில், அவர் நைல்மீதோ வணிகர்மீதோ பழிபோடவில்லை. மூன்று காரணங்களைச் சொன்னார். காழி பதவியும் முஹ்தஸிப் பதவியும் உட்பட எல்லாப் பதவிகளும் கையூட்டுக்கு விற்கப்பட்டன. கொடுத்த பணத்தை மீட்க மக்களைக் கசக்கினர். விளைநிலங்களின் குத்தகை ஏற்றப்பட்டு விவசாயி நிலத்தைக் கைவிட்டார். வெள்ளி மறைந்து, செப்புக் காசு எல்லையின்றி அச்சிடப்பட்டது. பொன்னைக் கொண்டு அளந்தால் பல பொருள்களின் விலை பெரிதாக ஏறவில்லை, செம்பைக் கொண்டு அளப்பதாலேயே விலை மலைபோல் தெரிகிறது என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். சந்தையில் தராசுடன் நின்று வணிகர்களைக் கண்காணித்தவர், தராசின் கோளாறு நாணயச்சாலையில் இருக்கிறது என்று எழுதினார். அவருடைய பரிந்துரையை யாரும் நடைமுறைப்படுத்தவில்லை.

மக்ரீஸீயின் ஆசிரியர்களுள் ஒருவரான இப்னு கல்தூன் 1382 முதல் எகிப்தில் வாழ்ந்து 1406இல் மறைந்தார். அரசன் வணிகத்தில் இறங்கினால் குடிகளுக்குக் கேடு, அரசின் வரிவருவாய்க்கும் கேடு என்று அவர் முகத்திமாவில் எழுதியதை ஓர் அணியினர் அடிக்கடி மேற்கோள் காட்டுவர். செல்வமும் அதிகாரமும் ஒருசேர உடையவனுடன் யார் போட்டியிட முடியும் என்பதே அவர் கேள்வி. ஆயினும் அதே நூலில், அரசே மிகப் பெரிய சந்தை, அது செலவை நிறுத்தினால் ஏனைய சந்தைகளும் வாடும் என்றும் அவர் எழுதியிருப்பது அவ்வளவாக எடுத்துச் சொல்லப்படுவதில்லை.

அவர் எச்சரித்ததை மக்ரீஸீ தம் கண்ணாலேயே கண்டார். கோழிக்கோட்டு நகுதா இப்ராஹீம் என்பவர், ஏடனில் ரசூலிய சுல்தானின் கெடுபிடி பொறுக்காமல், 1422இல் அத்துறைமுகத்தைத் தவிர்த்துத் தம் கப்பலைச் செங்கடலுக்குள் செலுத்தினார். ஜித்தாவிலும் முதலில் நல்ல வரவேற்பில்லை. பின்னர் அங்கே மம்லூக் அதிகாரி ஒருவர் கண்ணியமாக நடத்தவே, அடுத்த பருவத்தில் 14 கப்பல்களுடன் வந்தார். மலபார் மிளகு ஏடனை விட்டு ஜித்தாவுக்குத் திரும்பியது. கெய்ரோவின் சுங்க வருவாய் பெருகியது. கட்டாயம் எதுவுமின்றி, நன்னடத்தை ஒன்றினாலேயே கிடைத்த செல்வம் அது. ஆனால் சுல்தான் பர்ஸ்பாய்க்கு அது போதவில்லை. 1420களின் இறுதியில், தம் மிளகு விற்றுத் தீரும்வரை வேறெவரும் விற்கலாகாது என்று ஆணையிட்டு, வெனிஸ் வணிகர்கள் தாம் சொல்லும் விலைக்கே வாங்க வேண்டும் என்றார். தலைமுறை தலைமுறையாக அந்த வணிகத்தை நடத்திவந்த காரிமீ வணிகர்கள் இடம் இழந்தனர். சிலர் சுல்தானின் முகவர்களாகவே மாறினர். இப்போது பதுக்குபவரும், விலை நிர்ணயிப்பவரும், முஹ்தஸிபை நியமிப்பவரும் ஒருவரே. இந்த ஆணைகளை மக்ரீஸீ ஆண்டுவாரியாகத் தம் வரலாற்று நூலில் குறித்துக்கொண்டே வந்தார். அப்போது அவர் எந்தப் பதவியிலும் இல்லை.